பாதி வெட்டு

பாடாங் செராய்க்கு வெளியே,
ஆலை எடைமேடைக் கொட்டகையில்,
இரவு இரண்டு பதினேழுக்கு மின்சாரம் போனது.
மழைகூட இல்லை. சும்மா போனது.
கொதிகலன் அடங்கிய பிறகுதான்
இத்தனை தவளைகள் இருப்பதே தெரிந்தது.

பதினாலு நிமிடத்தில் வந்துவிட்டது.
கணினி எழுந்து, கறுப்புத் திரையில்,
தன் குறிப்பேட்டைத் தானே ஒருமுறை படித்துக்கொண்டது:
மீட்பு முடிந்தது.
அனாதை ஒன்று.
பாதியில் நின்ற வெட்டு ஒன்று, செய்து முடிக்கப்பட்டது.
கோப்பு முறைமை சுத்தம்.

சுத்தம்தான்.
ஜூலை மாத எடைக் கோப்பு
இருந்த இடத்திலேயே இருந்தது.
பெயர் சரி.
உரிமையாளர்: லீலா. நான்தான்.
கடைசியாகத் தொட்ட நேரம் நொடி பிசகவில்லை.
நீளம்: சுழியம்.

இருபத்திரண்டு நாள் லோரிகள்.
உள்ளே வந்த எடையில் வெளியே போன எடை போக
மிச்சம் குலை.
அந்தக் குலையில்தான் இருந்தது
ஐம்பத்தாறு பேரின் சம்பளம்.

என் தவறு மூன்று வரி நீளம்.
"ஒரு பட்டன்ல எல்லாம் வரணும்மா" என்று
பெரிய கிராணி தவநேசன் கேட்டபோது எழுதியது.
கோப்பைத் திற.
இருப்பதை வெட்டு.
மேலிருந்து மறுபடி எழுது.
வெட்டியது உடனே குறிப்பேட்டில் ஏறிவிட்டது.
எழுதியது நினைவகத்தில் வரிசை பிடித்து நின்றது,
அரை நிமிடம் போல,
வட்டில் இறங்கக் கூப்பிடட்டும் என்று.
தெனாகாக்காரன் முந்திக்கொண்டான்.

பக்கத்தில் புதுக் கோப்பு ஒன்றில் எழுதி,
இறங்கிவிட்டாயா என்று வட்டைக் கேட்டு,
பிறகு பெயரை மாற்றியிருக்கலாம்.
இரண்டு வரிதான் கூடியிருக்கும்.
மார்ச்சில் நகல் சீட்டையும் நிறுத்தியிருந்தோம்.
தாள் மிச்சமாம்.

முதல் லோரியில் மொய்னுல் வந்தான்.
ஏழு வருஷத்துத் தோட்டத் தமிழ் அவனுக்கு.
"கம்ப்யூட்டர் ரோசாக்கா?"
இல்ல, நல்லா இருக்கு.
"அப்ப நம்ம எடை?"
கோசோங்.
நல்லா இருப்பதும் கோசோங்காக இருப்பதும்
எப்படி ஒன்றாக நடக்கும் என்று
அவன் என் முகத்தைப் பார்த்தான்.

சொல்லிப் பார்த்தேன்.
பாதி வெட்டு வெட்டியதை அப்படியே விட்டால்
எந்த இடம் யாருடையது என்று
அதற்கே குழம்பிவிடும்,
அதனால் எழுந்ததும் முதல் வேலையாக
வெட்டி முடித்துவிடும் என்றேன்.

இது அவனுக்குப் புரிந்தது.
நேற்று இருட்டிவிட்டதால்
பாதி அறுத்த மட்டை ஒன்றைத்
தொங்கவிட்டு வந்திருக்கிறான், நாற்பதடி உயரத்தில்.
"இன்னிக்கி மொதல் வேலை அதான் அக்கா.
அது கீழ ஆளு போகக்கூடாது."
எனக்கும் இயந்திரத்தின் மேலிருந்த கோபம்
கொஞ்சம் இறங்கியது.

லோரியில் கால் வைத்தவன் திரும்பினான்.
"ஆனா மட்டை வெட்டுறது
குலை எடுக்கத்தானே?"

சங்கிலிமுத்து தன் சீட்டுகளை
வெயில் மறைப்பில் செருகி வைத்திருந்தார்.
ஹுவாட்டின் சீட்டெல்லாம் ஒரு மைலோ டின்னில்.
ஒன்றில் சம்பல் எண்ணெய் பட்டு
எட்டா மூன்றா தெரியவில்லை;
எட்டு என்று போட்டேன்.
மதியம் வரை புதுக் கோப்பில் தட்டினேன்,
ஒவ்வொரு வரிக்கும்
வட்டின் பச்சை விளக்கு மினுங்கும்வரை
விரலை எடுக்காமல்.

பதினோராம் தேதிக்கு மட்டும்
யாரிடமும் சீட்டு இல்லை.
அன்றைக்கு யார் யார் வெட்டினார்கள் என்று
மொய்னுல் கேட்டுக்கொண்டு வருவான்.
அதுவரை அந்தக் கட்டத்தை
வெற்றாக விட்டிருக்கிறேன்.
நிரல் விடாமல் எச்சரிக்கிறது:
மதிப்பு இல்லை, சுழியம் இடவா?
இல்லை என்று அழுத்துகிறேன்.
மறுபடி கேட்கிறது.